பதினொரு தாய்மார், ஒரே நம்பர்

நில்லுங்கள் அக்கா, நில்லுங்கள். அந்தத் துணிப்பையில் இருப்பது கேள்வி அச்சடித்த பாரம்தானே? பேனா இரண்டு, பரீட்சை அட்டை ஒன்று, கழுத்தில் காலேஜ் கார்டு. தெருமுனையில் பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டேன். ஆராய்ச்சி. எதைப் பற்றி? சர்க்கரை நோயா, பிள்ளை பெற்றவர்களா? பிள்ளை பெற்றவர்களா! அப்படியென்றால் முதலில் இந்தத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்காருங்கள். இப்போது தெருவுக்குள் போகாதீர்கள். போனால் எல்லாரும் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஓர் ஆராய்ச்சிக்கு வருமா?

சிரிக்காதீர்கள். போன வருஷம் இதே மாதிரி பையோடு வந்த மெர்லின் அக்காவுக்கு அதுதான் நடந்தது. படிப்பே கையை விட்டுப் போகப் பார்த்தது. யாரால் என்று கேட்காதீர்கள். நானே சொல்லப்போகிறேன். என்னைத் தவிர வேறு யார் சொன்னாலும் அதில் ருசி இருக்காது.

என் பெயர் முப்பிடாதி. ப்ளஸ் டூ. தெருவில் முப்பி என்பார்கள், வீட்டில் அம்மா விளங்காத மூதி என்பாள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டக்டர், கோயில் மைக், கேஸ் கம்பெனிக்காரி, எல்லாம் வரும். பத்தாம் வகுப்பில் ஒருநாள் மேடைக்குப் பின்னால் நின்று, ஹெட்மாஸ்டர் குரலில், "மாணவச் செல்வங்களே, மதியத்துக்கு மேல் விடுமுறை" என்றேன். மூன்று வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. ஹெட்மாஸ்டரே ஒரு நிமிஷம் யோசித்தாராம், நாம்தான் சொன்னோமோ என்று.

அம்மா இதற்குக் காரணம் வைத்திருக்கிறாள். நான் பிறந்தபோது எனக்குச் சேனை வைத்தது மைக்செட் பரமசிவம் மாமாவாம். சேனை தெரியும்தானே? உங்கள் ஊரில் என்ன சொல்வீர்களோ. பிள்ளை பிறந்ததும் தேனோ சீனித்தண்ணீரோ ஒரு சொட்டு நாக்கில் தொட்டு வைப்பார்கள். யார் கை தொடுகிறதோ அவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம். அதனால் அதற்கு ஆள் பார்ப்பதே பெரிய பாடு. மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இத்தனை விசாரணை கிடையாது.

மெர்லின் அக்கா ஆராய்ச்சி பண்ண வந்ததும் இந்தச் சேனையைத்தான்.

மெர்லின் அக்காவுக்கு மார்த்தாண்டம் பக்கம். ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வேலையை விட்டுவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர்கள். அதை முடிக்க ஓர் ஆய்வு எழுத வேண்டும். பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் என்ன கொடுக்கிறார்கள், படித்த தாய்மார் பழைய பழக்கத்தை விட்டுவிடுகிறார்களா, இதுதான் கேள்வி. மொத்தம் நாற்பது தாய்மார். எங்கள் தெருவில் மட்டும் பதினொன்று. எங்கள் தெருவில் பெண்கள் இரண்டே தொழில்தான் செய்வார்கள். பீடி சுற்றுவார்கள், பிள்ளை பெறுவார்கள். சில பேர் இரண்டையும் ஒரே நாளில்.

முதல் நாள் அந்த அக்கா ஒரு தப்பு செய்தார்கள். சுகாதார நர்சம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நர்சம்மா முகத்தைப் பார்த்தாலே எங்கள் ஆட்களுக்கு சுகாதார நிலையத்துச் சுவர் ஞாபகம் வந்துவிடும். அந்தச் சுவரில் ஒரு போஸ்டர். மாசாமாசம் வரிசையில் நின்று நின்று அதை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

"பிள்ள பொறந்ததும் என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பால்தாம்மா."

"தேன், சீனித்தண்ணி?"

"சே சே. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவிர வேற ஒண்ணுங் கெடையாது. தண்ணிகூட இல்ல."

பதினொரு வீட்டிலும் இதேதான். ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய வகுப்பு மாதிரி. மடியில் சொளவு, அதாவது முறம், சொளவில் பீடி இலை, விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, வாய் போஸ்டர் ஒப்பிக்கிறது. மெர்லின் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"எல்லாரும் சரியாட்டே சொன்னா எனக்க ஆய்வுல நான் எதை எழுதுவேன் மக்களே?"

எனக்கு அந்தக் குரல் உடனே பிடித்துவிட்டது. மக்களே, மக்களே! அன்றைக்குச் சாயந்திரம் வரை எங்கள் ஆட்டுக்குட்டியைக்கூட மக்களே என்றுதான் கூப்பிட்டேன்.

போகும்போது அந்த அக்கா எல்லாரிடமும் போன் நம்பர் கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து போனில் இரண்டாவது தடவை கேள்வி கேட்பார்களாம். இங்கேதான் நம் கதை சூடு பிடிக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் போன் ஆம்பிளைகள் சட்டைப்பையில் கேரளாவுக்குப் போய்விடும். மீதிப் பாதிக்கு நர்சுகளுக்கு நம்பர் கொடுக்கப் பயம். இன்றைக்குக் கேள்வி கேட்பார்கள், நாளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வா என்பார்கள். அதனால் எதற்கு நம்பர் கேட்டாலும் எல்லாரும் எங்கள் அம்மா நம்பரைத்தான் கொடுப்பார்கள். கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் தெருவுக்கே ஒரு நம்பர். மெர்லின் அக்கா பதினொரு பாரத்தில் ஒரே நம்பரைப் பதினொரு தடவை எழுதினார்கள். கவனிக்கவே இல்லை. அதற்குள் அழாத குறை. பிறகு போன் போட்டபோதோ, பதில் வருகிற சந்தோஷத்தில் நம்பரைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. எனக்குப் பரீட்சை முடிந்த லீவு. அம்மா பீடிக் கடைக்குப் போயிருந்தாள்.

"பிரம்மசக்தியா? நான் நர்சிங் காலேஜ்லயிருந்து மெர்லின். ஞாபகம் உண்டா மக்களே?"

நான் நல்ல பிள்ளையாக ஓடினேன், அக்கா. சத்தியமாக ஓடினேன். பிரம்மசக்தி அக்கா வீடு மாவுமில்லுக்குப் பக்கத்தில்.

"ஏட்டி, நாலு மணிக்குள்ள கடையில சேக்கணும். இன்னும் முந்நூறு பீடி கெடக்கு. நீயே எதையாவது சொல்லி அனுப்பு, போ."

"எதையாவதாக்கா?"

"எதையாவதுதாம்ளா!"

பார்த்தீர்களா? அனுமதி. முறைப்படி வாங்கிய அனுமதி. அதைக் கொஞ்சம் நீட்டி மீதிப் பத்துப் பேருக்கும் சேர்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பிரம்மசக்தி அக்கா மாவுமில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மில் ஓடாதபோதும் கத்திக்கொண்டுதான் இருப்பாள். நான் நெஞ்சில் காற்றை நிரப்பிக்கொண்டு, "சொல்லுங்கம்மா!" என்றேன். அந்தப் பக்கம் மெர்லின் அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தது எனக்கே கேட்டது.

"பிள்ளைக்கு முதல்ல என்ன குடுத்தீங்க?"

போஸ்டர் பதிலைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பிரம்மசக்தி அக்கா குரலுக்குள் போஸ்டர் நுழையவே மாட்டேன் என்கிறது. இழுத்துப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன். வாயில் வந்தது இதுதான்: "தேனுதாம்மா! எங்க கொழுந்தனார் வச்சாவ! போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டரு! பிள்ளைக்குக் கையெழுத்து நல்லா வரணும்லா!"

மெர்லின் அக்கா உடனே எழுதத் தொடங்கிவிட்டார்கள். பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்தது மாலையம்மாள் அக்கா. அவளுக்கு ஒவ்வொரு பேச்சும் பெருமூச்சில்தான் முடியும். "பிள்ள வீரிட்டு அழுதா கிரைப் வாட்டர் குடுப்பேன்... வசம்பச் சுட்டு ஒரசித் தடவுவேன்... எல்லாரும் செய்யுததுதான்... என்னத்தச் சொல்ல..." நடுவில் ஒரு பிள்ளை அழுகையும் வைத்தேன். எனக்கு மூன்று அழுகை தெரியும். பசி, ஈரம், சும்மா. இது சும்மா.

ஜெயசித்ரா அக்காதான் எங்கள் தெருவில் பெரிய படிப்பு. பி.காம். பீடி சுற்றும்போதும் பேப்பர் படிப்பாள். அவள் குரலுக்கு மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொள்ள வேண்டும். "ஆக்சுவலி மேடம், நாங்க தேன் எல்லாம் குடுக்கல. அதெல்லாம் பழைய பழக்கம். நாங்க கழுதைப்பால் குடுத்தோம்."

"கழுதைப்பாலா?"

"இம்யூனிட்டி மேடம். வாட்ஸப்ல வீடியோ வந்துச்சு."

"நீங்க... டிகிரி முடிச்சிருக்கீங்க இல்லியா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ், மேடம்."

மூன்று மதியம் ஓடியது இப்படி. பத்துப் பேர், பத்துக் குரல். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அதையே எடுத்து அப்படி அப்படியே வைத்தேன். பொய் சொன்னால் இப்படிச் சொல்ல வேண்டும் அக்கா, நூல் பிசகாமல். மெர்லின் அக்கா மூன்றாம் நாள் சொன்னார்கள்: "இப்பதான் எனக்க ஆய்வுக்கு உயிர் வந்திருக்கு மக்களே!" மாலையம்மாளைப் போல் பெருமூச்சு விட்டு, "என்னத்தச் சொல்ல" என்றேன்.

பதினோராவது ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் மதினி, சந்தனமாரி. அண்ணனைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டி பக்கத்திலிருந்து வந்தவள். அண்ணன் பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனியில். மதினிக்கு அப்போது மூன்று மாதப் பெண்பிள்ளை. மதினி பேச மாட்டாள். முதல் நாள் அவளுக்குப் பதிலாகப் போஸ்டரை ஒப்பித்ததும் அம்மாதான். எதைக் கேட்டாலும் "உம்". அம்மா சத்தம் போட்டாலும் "உம்", சாப்பிடக் கூப்பிட்டாலும் "உம்". மூக்கால் பாதி, உதட்டால் பாதி. நான் அதைச் செய்து காட்டினால் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். மதினியும் லேசாகச் சிரிப்பாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

போன் வந்தபோது மதினி உள்ளே பிள்ளையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எழுப்புவானேன் என்று நானே எடுத்தேன்.

"பிள்ளைக்குப் பால் போதுமான அளவு இருக்கா?"

"உம்."

"உங்களுக்கு வலி, காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?"

"உம்."

"நல்லா தூங்குறீங்களா? வீட்டுல மனசு விட்டுப் பேச ஆள் உண்டா?"

"உம்."

இரண்டே நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமான வேஷம் போட்டதில்லை. "எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல மக்களே" என்று சொல்லி மெர்லின் அக்கா வைத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு ஜீப் வந்தது. இதோ, இந்த இடத்தில்தான் நின்றது. நான் இந்தத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தேன். முதலில் இறங்கியது மெர்லின் அக்கா. முகம் வெளிறிக் கிடந்தது. அடுத்து இறங்கியது அவர்களுடைய பேராசிரியை, லலிதகுமாரி மேடம். அந்த மேடம் சத்தம் போடவே மாட்டார்கள். சத்தம் போடுகிறவர்களை எனக்கு ஒரு நாளில் பிடித்துவிடும். மெதுவாகப் பேசித் திட்டுகிறவர்களைப் பிடிக்க ஒரு வாரமாகும்.

"மெர்லின், இந்தப் பதினொரு தாய்மாரும் ஒரே வீட்டுலயா இருக்காங்க?"

"இல்ல மேடம்."

"பதினொரு பாரத்துலயும் ஒரே நம்பர் இருக்கு. மூணு மத்தியானத்துல எல்லாரும் பேசியிருக்காங்க. முதல் தடவை சொன்னதுக்கு நேர்மாறா. அப்ப அந்தப் பதினொரு பேரும் உங்க ஹாஸ்டல் ரூம்லயா இருக்காங்க?"

கையிலிருந்த நெல்லிக்காயைக் கீழே வைத்தேன்.

"நான் எழுதல மேடம். அவங்கதான் பேசினாங்க."

"நானும் அப்படித்தான் இருக்கணும்னு நினைக்கிறேன். அதுக்குத்தான் நேர்ல வந்தது. இட்டுக்கட்டினதுன்னு தெரிஞ்சா நான் கமிட்டிக்கு எழுதணும். எழுதினா ரெண்டு வருஷப் படிப்பும் போச்சு. உங்களுக்குத் தெரியும்."

பெண்களை எல்லாம் கூப்பிட்டார்கள். சொளவும் பிள்ளையுமாக வந்து நின்றார்கள். மேடம் பாரத்தை எடுத்து வாசித்தார்கள். பிரம்மசக்தி, தேன், கொழுந்தனார். பிரம்மசக்தி அக்கா அந்தப் பக்கத்துத் தெருவரை கேட்கிற மாதிரி, "ஐயய்யோ, தேனா! தண்ணிகூடக் குடுக்கலையே!" என்றாள். மாலையம்மாள் அக்கா, "கிரைப் வாட்டரா... எங்க வீட்டுப் பக்கமே வந்ததில்ல... என்னத்தச் சொல்ல..." ஜெயசித்ரா அக்கா மூக்கைச் சுளித்தாள். "கழுதைப்பாலா? படிச்சவங்க நாங்க, மேடம்."

ஒவ்வொருத்தியும் போஸ்டரைச் சொல்லச் சொல்ல மெர்லின் அக்கா ஒரு அங்குலம் குட்டையானார்கள். கடைசியில், "நீங்கதானே போன்ல சொன்னீங்க, ஞாபகம் இல்லியா?" என்று கேட்டார்கள். அந்தக் குரலில் மக்களே இல்லை அக்கா. மக்களே இல்லாமல் அந்த அக்கா பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அது என்னவோ போலிருந்தது.

எழுந்து போய், "மேடம், அந்தப் பதினொரு பேரும் நான்தான்" என்றேன்.

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "உனக்கு எத்தனை வயசு?"

"பதினாறு."

"இவங்க உனக்கு என்ன வேணும்? உன்னை இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

என்ன அநியாயம் பாருங்கள்! பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நானாக வந்து ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன், நம்ப ஆளில்லை. வேறு வழியில்லை. நெஞ்சில் காற்றை நிரப்பினேன். "தேனுதாம்மா! கொழுந்தனார் வச்சாவ! போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டரு!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. பிரம்மசக்தி அக்கா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தாள், யார் தன்னைக் கூப்பிட்டது என்று.

அடுத்து மாலையம்மாள். "பிள்ள அழுதா கிரைப் வாட்டர் ரெண்டு ஸ்பூன் குடுப்பேன்... என்னத்தச் சொல்ல..."

"ஏட்டி!" என்று மாலையம்மாள் அக்கா பாய்ந்தாள். "ரெண்டு ஸ்பூனா? பிள்ளைய என்ன குதிரைன்னு நெனச்சியா? அர ஸ்பூனுதாம்ளா குடுப்பேன், அதுவும் வெந்நியில கலந்து!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பிரயோஜனம்?

இரண்டு ஸ்பூன் என்றது நான் தெரியாமல் செய்த தப்பு. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தெரிந்தே செய்த தப்பு. மூக்கை அடைத்துக்கொண்டேன். "ஆக்சுவலி மேடம், கழுதைப்பால் ஒரு டம்ளர் குடுத்தோம்."

"டம்ளரா? ஒரு பாலாடை! ஒரே ஒரு பாலாடை! அதுவும் கண்ணு முன்னால கறந்தது!" என்றாள் பி.காம்.

"எங்க கொழுந்தனார் இப்ப ரைட்டர் இல்ல, எஸ்.எஸ்.ஐ. ஆயிட்டாவ, அத மொதல்ல மாத்தி எழுதுங்க!" என்று பிரம்மசக்தி அக்கா மேடத்தின் பாரத்திலேயே விரலை வைத்தாள்.

பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. எனக்கு சீனித்தண்ணி, எனக்குக் கருப்பட்டி, எங்க வீட்ல டீச்சரம்மா வச்சா, டீச்சரம்மா வச்சும் பிள்ள ஒண்ணுக்கும் ஒதவல. ஆளாளுக்கு என் தப்பைத் திருத்தித் திருத்தி, நான் போனில் சொன்னதற்கு மேலேயே சொல்லிவிட்டார்கள். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். உதட்டோரம் ஒரு தடவை துடித்தது. சிரிப்புதான். நான் பார்த்தேன். மெர்லின் அக்கா பழைய உயரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"கடைசி, சந்தனமாரி. இவங்க என்ன சொன்னாங்க?" என்றார்கள் மேடம்.

"உம்" என்றேன், பாதி மூக்கு, பாதி உதடு. தெருவே சிரித்தது. எல்லாரையும்விட எங்கள் அம்மா அதிகமாகச் சிரித்தாள்.

"எல்லாக் கேள்விக்குமா?"

"எல்லாக் கேள்விக்கும் மேடம். அவ்வோ அவ்வளவுதான் பேசுவாவ."

"அது தப்பு."

யார் சொன்னது என்று திரும்பினேன். தொட்டிக்கு எதிரே எங்கள் வீட்டு வாசலில், பிள்ளையை வலது தோளில் போட்டுக்கொண்டு மதினி நின்றாள்.

"மத்தவங்களுக்கு அளவுதான் தப்பு. எனக்கு எல்லாமே தப்பு" என்றாள். "எடது பக்கம் கல்லு மாதிரி கட்டியிருக்கு. ரெண்டு வாரமாச்சு. பிள்ள வாய வச்சா உயிர் போவுது. ஒரு பக்கந்தான் குடுக்கேன். பத்தலன்னு அழுதா யாருக்கும் தெரியாம சீனித்தண்ணி தொட்டு வைக்கேன். ராவுல குளிர் நடுக்கம் வருது. போர்த்திக்கிட்டுக் கெடப்பேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏளா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா.

"கேக்கலையே அத்த" என்றாள் மதினி. கோபமாக எல்லாம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி. "நர்சக்கா போன்ல இதெல்லாம் கேட்டாங்க. எனக்கு உள்ளருந்து கேட்டுச்சு. எந்திரிச்சு வாரதுக்குள்ள முப்பி உம் சொல்லிட்டா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் சாட்சி பத்துப் பேர் இருக்கிறார்கள்.

மேடம் பக்கத்தில் போய் மதினி நெற்றியில் புறங்கையை வைத்தார்கள். வைத்ததும் அவர்கள் குரல் மாறிவிட்டது.

"மெர்லின், பாரத்தை மூடு. கையைக் கழுவிட்டு உள்ள வா."

அதற்குப் பிறகு அங்கே பேராசிரியையும் இல்லை, மாணவியும் இல்லை. இரண்டு நர்சுகள் பாவாடை காயும் கொடியை ஒதுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போனார்கள். வெந்நீர் கேட்டார்கள், துணி கேட்டார்கள். நல்ல காய்ச்சலாம். சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டதாம். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பெரிய கத்தி வைக்க வேண்டியிருக்குமாம். "பால் குடுக்கிறத நிப்பாட்டிராதீங்க மக்களே, கட்டினதுதான் வெளிய வரணும்" என்று மெர்லின் அக்கா சொல்வது கேட்டது. மக்களே திரும்பி வந்துவிட்டது. அதே ஜீப்பில் மதினியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்பு மாற்றிப் போட்டது தெரியாமல் ஏறினாள்.

ஜீப் கிளம்புகிற நேரம் நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். "மேடம், மெர்லின் அக்கா படிப்பு?"

"இட்டுக்கட்டல. அது தெரிஞ்சுபோச்சு. கமிட்டிக்கு எழுத மாட்டேன்." பதினொரு பாரத்தையும் அடுக்கி, மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு போட்டார்கள். "ஆனா பதினொரு பேரோட சம்மதத்தை ஒரு பதினாறு வயசுப் பொண்ணு குடுத்திருக்கா. அத்தனையும் உண்மையா இருந்தாலும் செல்லாது. மறுபடி நேர்ல வந்து வாங்கணும். நர்சம்மா இல்லாம."

உண்மையாம்! என் பொய்யைப் பார்த்து உண்மை என்று சொல்லிவிட்டார்கள். இதைவிட ஒரு கலைஞரை எப்படி அவமானப்படுத்துவது?

மெர்லின் அக்காவுக்கு அந்த வருஷப் பரீட்சை தவறிவிட்டது, ஆறு மாதம் பிந்தித்தான் எழுதினார்கள். அந்த ஆறு மாதமும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொளவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டினார்கள். எப்படி வெட்டினார்கள் என்கிறீர்கள்! ஆடு கடித்த மாதிரி. அதைத் திருத்தித் திருத்தியே எங்கள் ஆட்கள் எல்லாக் கதையையும் சொல்லிவிட்டார்கள். பாரம் பையை விட்டு வெளியே வந்ததே வீட்டுக்குக் கிளம்பும்போதுதான். மதினி வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேசியது மட்டும் நாலு சனிக்கிழமை. அண்ணனைக்கூட அப்படி ஒரு நாள் உட்கார்ந்து கேட்க வைத்துவிட்டாள், போனில்தான், ஒரு மணி நேரம்.

ஆய்வை முடித்து, பாஸாகி, புத்தகமாகக் கட்டி ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினார்கள். போன மாதம் வந்தது. நான் ஆசையாகப் பிரித்தேன். நன்றி என்று ஒரு பக்கம் முழுக்கப் பேர். கல்லூரி முதல்வர், மேடம், தாய்மார், டைப் அடித்தவர், யாரோ ஒரு பாதிரியார். முப்பிடாதி இல்லை. பதினொரு குரல் கொடுத்தவள் நான். எல்லா உண்மையையும் வெளியே கொண்டுவந்தவள் நான். ஒரு நன்றி உண்டா? புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மதினிதான் அதை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். சாயந்திரம் எல்லாரும் பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது, "இந்தா, முப்பி இதுல இருக்கா" என்றாள். ஆய்வின் குறைபாடுகள் என்று ஒரு பக்கமாம். அதில் மூன்றாவது வரியாம். எழுந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையை ஆட்டி ஆட்டி வாசித்தாள்: "தொலைபேசி வழியாகப் பெறப்பட்ட பதினொரு பதில்கள், பதிலளித்தவர் ஒருவரே என்பதால் நீக்கப்பட்டன!"

யாரோ ஒருத்தி குரலில் வாசித்தாள் அக்கா. மூச்சு விடாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உதை கொடுத்து, எல்லாம் தன்னால்தான் நடந்தது என்கிற மாதிரி. பிரம்மசக்தி அக்கா சொளவைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஒருத்திதான் முழித்தேன். "யாருளா மதினி அது? யாரு மாதிரி பேசுதீங்க?" என்று கேட்டேன். எனக்குப் பிடிபடாத குரல் இந்தத் தெருவில் இருக்கிறதா?

"நீதாம்ட்டி, மூதி" என்றாள் அம்மா.

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியா அக்கா பேசுகிறேன்? இவ்வளவு நேரம் கேட்டீர்களே, நீங்களே சொல்லுங்கள்.